சரஸ்வதி அக்காவின் பேஜருக்குப் போன செய்திகள்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பனியன் கம்பெனியில் மெயில் ஏற்பாடுகளையெல்லாம் புதிதாக மாற்றுகிறார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துக்கட்டும் முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன ப்ரோக்ராம், அகப்பட்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "இது என்ன வேலை செய்யும் மேடம்?" என்று கேட்டார்கள். புது மெயில் வந்தால், டெலிபோனில் டயல் செய்கிற மோடத்தை வைத்துப் பேஜருக்குத் தகவல் அனுப்பும் என்றேன். பேஜரை அவர்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம், செய்தி வரும், ஆனால் அதிலிருந்து பதில் அனுப்ப முடியாது என்று விளக்கினேன். "பதில் அனுப்ப முடியாதுன்னா அப்புறம் எதுக்குங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

திரையில் அந்த வரிகளைப் படித்துக்கொண்டே வந்தேன். சரஸ்வதி அக்காவின் பேஜர் எண் இருந்த வரி வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அந்த வரியைப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அவிநாசி. படிப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங், பிறகு டெலக்ஸ் ஆபரேட்டர் வேலை. நல்லூரில் இருந்த இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது தையல் மெஷின்களை எண்ணக் கை விரல்கள் போதும். டெலக்ஸ் போய் பேக்ஸ் வந்தது, பேக்ஸுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்தது. ஆங்கிலம் தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் ஒவ்வொன்றும் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரில் சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போய் யூனிக்ஸும் ப்ரோக்ராமும் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

முதலாளி தங்கவேல் அண்ணன். சேவூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். கம்பெனியில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி சரஸ்வதி அக்கா தையல் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொண்டார். எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்துகள் தெரியும், எண்கள் தெரியும், லேபிளிலும் அட்டைப்பெட்டியிலும் தினமும் பார்க்கிற சைஸ், கலர், அர்ஜென்ட் மாதிரியான சொற்கள் தெரியும். கணவர் பெயரை ஆங்கிலத்தில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு மேலே எக்ஸ்போர்ட் மேனேஜர் கனகராஜ் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவரை எதிரில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, அவர் டீயைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, "இனிமேப்பட்டு இப்படி ஆகாதுங்களே?" என்று கேட்பார். திட்டு வாங்கியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அந்த டீ தொண்டையிலேயே நிற்கும். எல்லோரையும் வாங்க போங்க என்பார். என்னை மேடம் என்பார்.

பேஜர் யோசனை தங்கவேல் அண்ணனுடையது. ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் மெயில் அனுப்பியிருப்பார், அண்ணன் சாயப்பட்டறையில் நின்றுகொண்டிருப்பார். அவர் ஆபீசுக்கு வந்து பார்ப்பதற்குள் துணி சாயத்தில் இறங்கியிருக்கும். ஒருமுறை கடல் நீலம் வேண்டாம் என்று மெயில் வந்து கிடந்தபோதே ஒரு லாட் முழுக்கக் கடல் நீலமாகி வெளியே வந்தது. செல்போன் அப்போது வந்துவிட்டது, ஆனால் நல்லூரைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. பேஜர் மட்டும் எப்படியோ எல்லா இடத்திலும் கூவியது.

"ஸ்டெல்லா, மெயில் வந்தா என் இடுப்புல தெரியோணும். அதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார் அண்ணன்.

பேஜர் கம்பெனிக்குப் போன் செய்து ஆபரேட்டரிடம் செய்தியைச் சொன்னால் அவர்கள் அனுப்புவார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மோடம் வைத்துக் கூப்பிட அவர்களிடம் தனியாக ஒரு எண் இருக்கிறது என்று மோடம் விற்ற கோயம்புத்தூர் பொறியாளர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மோடம் இன்டர்நெட்டுக்கு டயல் செய்து புது மெயில்களை இறக்கிக்கொள்ளும். பிறகு லைனைத் துண்டிக்கும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மெயிலிலும் அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் வெட்டி எடுக்கும். அடுத்து மோடம் பேஜர் கம்பெனிக்கு டயல் செய்யும். அந்தப் பக்கத்து மோடம் கீச்சென்று கத்தி, பேஜர் எண் என்ன என்று கேட்கும். எண்ணைக் கொடுத்துச் செய்தியைக் கொடுத்தால், வாங்கிக்கொண்டேன் என்று ஒரு குறி திரும்பி வரும். குறி வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எல்லாம் ஒரே டெலிபோன் லைனில். மழை பெய்தால் லைனில் கரகரவென்று சத்தம் வந்து பாதி எழுத்து மாறிப்போகும். அதற்காகவே செய்தியைச் சரிபார்க்கும் கணக்கு ஒன்றை எழுதச் சில வாரங்கள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் செய்தி போனபோது அண்ணன் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்ட கையோடு போன் செய்து, "வந்துருச்சு, வந்துருச்சு. ஜிப்பர் கலர்னு வந்துருக்குது" என்றார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

யார் யாருக்கு எது போக வேண்டும் என்று கனகராஜ் சார் சொல்லிச் சொல்லி எழுதினேன். அப்போது அண்ணன், "எம் பேர் போட்டு எது வந்தாலும் சரசுவுக்கும் போகட்டும். நான் வெளியூர் போயிட்டா இங்க யாரு பாக்கறது?" என்றார். அப்படித்தான் அக்காவின் எண் ஸ்கிரிப்டில் ஏறியது. செய்தி வந்தால் அக்கா தையல் வரிசையை விட்டு என் அறைக்கு வந்து பேஜரை நீட்டுவார். நான் படித்துச் சொல்வேன். சில சொற்களை அவரே முந்திக்கொண்டு படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

அந்த வருடம் தங்கவேல் அண்ணன் பையர்களைப் பார்க்க ஜெர்மனிக்குப் போனார். அதற்கு முன்னும் போயிருக்கிறார். அங்கே எங்களுக்கு ஒரு ஏஜென்ட் உண்டு. வயதான ஜெர்மன்காரர், அண்ணனுக்கு நல்ல சிநேகம்.

மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. நான் பேக்கிங் பிரிவில் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அறைக்குத் திரும்பியபோது மோடத்தின் விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. ஏதோ செய்தி போயிருக்கிறது என்று நினைத்தபடி நாற்காலியை இழுத்தேன். அதற்குள் சரஸ்வதி அக்கா வாசலில் நின்றார். கழுத்தில் இஞ்ச் டேப். கையில் பேஜர்.

"ஸ்டெல்லா, இதப் பாரு. அவரு பேர் போட்டு வந்துருக்குது. கலரும் இல்ல, சைஸும் இல்ல. என்னன்னு படி கண்ணு."

வாங்கிப் பார்த்தேன். பேஜரில் எல்லாம் பெரிய எழுத்தில்தான் வரும். மிகத் துயரமான செய்தி, மிஸ்டர் தங்கவேல் இன்று காலை இறந்துவிட்டார். அவ்வளவுதான் இருந்தது. அனுப்பியவர் ஏஜென்ட்.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்று வரை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. எழுத்துகள் தெரிந்தன, அர்த்தம் தெரிந்தது, ஆனால் அது உள்ளே இறங்க மறுத்தது. லைன் கெட்டு எழுத்து மாறியிருக்கும் என்று ஒரு கணம் நம்பினேன். மெயிலைத் திறந்தேன். அண்ணன் காலையில் ஹோட்டல் அறையிலிருந்து இறங்கி வரவில்லை, கதவைத் திறந்து பார்த்தபோது கட்டிலிலேயே உயிர் போயிருந்தது, மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார் என்று ஏஜென்ட் எழுதியிருந்தார். போனில் பிடிக்க முயன்று லைன் கிடைக்காமல் மெயில் அனுப்புவதாகவும், வீட்டுக்காரர்களிடம் மெதுவாகச் சொல்லும்படியும் கேட்டிருந்தார். லைன் எப்படிக் கிடைக்கும்? அவரிடம் இருந்தது மோடம் லைனின் எண் மட்டும்தான், அந்த லைனில்தான் மோடம் மெயில் இறக்கிக்கொண்டும் பேஜருக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தது.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"உக்காருங்க அக்கா."

"நிக்கறேன். நீ படி."

"அக்கா, உக்காருங்களேன்."

"உன் மூஞ்சி சரியில்ல. படி."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் தவறிட்டாருங்க அக்கா" என்றேன்.

அவர் அழவில்லை. கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருட்டினார். சுருட்டி என் மேஜையில் வைத்தார். பிறகு பேஜரை என் கையிலிருந்து வாங்கி, அதை இடுப்பில் சரியாக மாட்டினார். மாட்டிவிட்டு, "எந்த ஊர்லன்னு போட்டிருக்குது?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதை ஒருமுறை அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்படியே சரிந்தார்.

மற்ற பேஜர்களுக்கும் அதே செய்தி போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் கம்பெனி முழுக்க மெஷின்கள் நின்றன. நான் அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை.

மறுநாள் கனகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். டீ வந்தது. நான் குடிக்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

"மேடம், நேத்து நடந்ததுல உங்க மேல வருத்தம் இல்லீங்க. மெஷின் அதோட வேலையைச் செஞ்சுது. ஆனா இனிமே சரஸ்வதி அம்மா பேஜருக்கு எதுவும் போகக்கூடாதுங்க. பாவம், அவங்க இருக்கற நெலமைல ஒவ்வொண்ணா இடுப்புல வந்து குத்தோணுமா? பெரியவரும் அதைத்தான் சொல்றாருங்க. அந்த நெம்பர எடுத்துருங்க."

பெரியவர் என்றது தங்கவேல் அண்ணனின் அண்ணன் முத்துசாமி. அவிநாசிப் பக்கம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்கள் போட்டிருந்தார். அப்பா சின்ன வயதில் இறந்துபோனதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். குடும்பத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சரஸ்வதி அக்கா அவர் எதிரில் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

சார் சொன்னது இரக்கமாகத்தான் பட்டது. ஸ்கிரிப்டைத் திறந்தேன். அக்காவின் எண் இருந்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு குறியைத் தட்டினால் போதும், அந்த வரி இல்லாத மாதிரி ஆகிவிடும். விரல் விசையின் மேல் நின்றது. அந்த வரியைப் போடச் சொன்னவர் இறந்துவிட்டார். எடுக்க வேண்டுமானால் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து துக்க வீட்டுக்குப் போனேன்.

நல்லூரில் கம்பெனிக்குப் பின் தெருவிலேயே வீடு. வாசல் வரை செருப்புகள். பெண்கள் நடுவில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அக்காவின் காதருகில் குனிந்தேன்.

"அக்கா, உங்க பேஜருக்கு வர்றதை நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தட்டுங்களா?"

கண்ணைத் திறந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

"கனகராஜ் சாருங்க. பெரியவரும் சொன்னாராமா."

மடியில் கிடந்த மகளின் தலையை விலக்காமல், கையை மட்டும் இடுப்புக்குக் கொண்டுபோய்ப் பேஜரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவரு இன்னும் அந்த ஊர்லதான இருக்கறாரு. அவரு பேர்ல வர்றது எனக்கு வரோணும். நிறுத்தாதே."

நிறுத்தவில்லை. நிறுத்தினீங்களா என்று சார் கேட்கவும் இல்லை. அவர் ஒன்றைச் சொன்னால் அது நடந்திருக்கும் என்று நம்புகிறவர்.

அதற்குப் பிந்தைய நாட்களில் மெயில்கள் வந்தபடி இருந்தன. போலீஸ் சான்றிதழ், ஆஸ்பத்திரி சான்றிதழ், பாஸ்போர்ட் எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் அக்கா வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்து கேட்பார். ஆபீசில் பேசுவதற்குத் தனி லைன் உண்டு, மோடம் இருந்தது இன்னொரு லைனில். நான் விளக்கம் சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவார்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் பேசினார். சமையற்கட்டுக்குள் போனை இழுத்துக்கொண்டு போயிருந்தார் போலிருக்கிறது. பாத்திரச் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"ஸ்டெல்லா, இப்ப ஒண்ணு வந்துருக்குது. அவரு பேரு இருக்குது. முன்னால ஒரு சொல்லு, என்னான்னு தெரியல. எழுத்தச் சொல்றேன், கேளு."

"சொல்லுங்க அக்கா."

"சி."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"ஆர். இ."

பனியன் கம்பெனியில் அந்த மூன்று எழுத்தும் சேர்ந்து வந்தால் அடுத்தது எங்களுக்குப் பழக்கம். கிரீம் கலர். ஏதோ பழைய ஆர்டர் மெயில் கலந்துவிட்டது என்று நினைத்தேன். மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"எம்" என்றார் அக்கா. கிரீமுக்கு இந்த இடத்தில் எம் வராது. "ஏ. டி."

பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர் சொன்ன எழுத்துகளை நான் எழுதவில்லை. ஐ, ஓ, என் என்று காதில் மட்டும் விழுந்தன. இன்னும் திறக்காத மெயிலை ஒரு கையால் திறந்தேன். ஏஜென்ட் மரியாதையாக எழுதியிருந்தார். குடும்பத்தின் சார்பில் அண்ணன் முத்துசாமி கையெழுத்திட்டு அனுப்பிய பேக்ஸ் கிடைத்தது, அதில் கேட்டுக்கொண்டபடி மிஸ்டர் தங்கவேலின் உடல் நாளைக் காலை இங்கேயே தகனம் செய்யப்படும், சாம்பல் அனுப்பி வைக்கப்படும்.

பேக்ஸின் நகலும் மெயிலோடு வந்திருந்தது. கையெழுத்து பெரியவருடையது. வாசகம் கனகராஜ் சாருடையது. இத்தனை வருடம் அவர் சொல்லச் சொல்லத் தட்டியவள் நான், அவருடைய ஆங்கிலத்தை எங்கே பார்த்தாலும் தெரியும். அக்காவின் எண்ணை எதற்காக எடுக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இருக்கறயா ஸ்டெல்லா? அப்படின்னா என்ன?"

"எரிக்கறதுங்க அக்கா."

"எதை?"

"அண்ணனைங்க. அங்கயே. நாளைக்குக் காலைலன்னு போட்டிருக்குதுங்க."

போனில், அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் டம்ளர் கேட்டாள், இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

"யாரு கேட்டாங்க அப்படி?"

"பெரியவர் கையெழுத்துப் போட்டுப் பேக்ஸ் போயிருக்குதுங்க."

போனை வைத்துவிட்டார்.

துக்க வீட்டிலிருந்து அந்த நிலையில் ஒரு பெண் வெளியே கிளம்பி வருவதை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சரஸ்வதி அக்கா வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்தார். பின்னாலேயே சொந்தக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். அவர்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். என் அறைக்கு வந்து, நேராக என் பக்கத்தில் நின்றார்.

"நான் சொல்றத அடி. அவரு சம்சாரம் பேசறேன். எங்கிட்ட யாரும் கேக்கல. எரிக்க வேண்டாம். அவர ஊட்டுக்கு அனுப்புங்க. அவ்வளவுதான். அடி."

அடித்துக்கொண்டிருக்கும்போதே கனகராஜ் சார் வந்தார். அவர் பின்னால் பெரியவர். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, வெயில்ல எதுக்குங்க வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பனுங்களே" என்றார் சார், எப்போதும் பேசுகிற அதே குரலில்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. பெரியவரைப் பார்த்தார்.

"ஏனுங்க மாமா, எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

பெரியவர் ஆடிப்போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்து அக்கா பேசுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அம்மிணி, பொட்டில வெச்சு, பிளேன்ல ஏத்தி, எத்தனை நாள் ஆகுமோ. வந்து சேரும்போது அவன் எப்படி இருப்பானோ. நீயும் புள்ளையும் அதைப் பாக்கோணுமா? சாமான் மாதிரி வந்து எறங்குவான் அம்மிணி. அதான் அங்கயே முடிச்சு..."

"எம் புள்ள அவங்கப்பனப் பாக்கோணும். நானும் பாக்கோணும். எப்படி இருந்தாலும் அவருதானுங்க அது."

"யோசிச்சுச் சொல்லும்மிணி."

"யோசிச்சாச்சுங்க மாமா."

மெயிலை அனுப்பினேன். மோடம் டயல் செய்தது. லைன் பிஸி. மறுபடி டயல் செய்தது, மறுபடி பிஸி. நான்கு பேரும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் கீச்சென்று இணைப்புக் கிடைத்து மெயில் போனது.

"அந்தாளு இதப் படிச்சாருன்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

அப்போது கனகராஜ் சார் பேசினார்.

"மேடம், மோடத்துல இருந்து வயரைக் கழட்டி டெலிபோன்ல மாட்டுங்க. வெளிநாட்டுக்குப் பேசற ஐஎஸ்டி இந்த லைன்லதான் இருக்குது."

மாட்டிக் கொடுத்தேன். அவரே டயல் செய்தார். முதல் தடவை எண் தப்பியது. அவருக்கு எண் தப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏஜென்ட் கிடைத்ததும், அதே மெதுவான ஆங்கிலத்தில், பேக்ஸில் தவறு நேர்ந்துவிட்டது, அதைத் தயாரித்தது தான்தான், இறந்தவரின் மனைவி இப்போது தன் பக்கத்தில் நிற்கிறார், அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றார். தயவுசெய்து என்பதைப் பல தடவை சொன்னார். ஏஜென்ட் உடனே ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு எழுத்தில் உறுதி அனுப்புவதாகச் சொன்னாராம்.

வயரை மறுபடி மோடத்தில் மாட்டினேன். உட்காரச் சொல்லியும் அக்கா உட்காரவில்லை. பெரியவர் சுவர் ஓரமாக நின்றார். ஸ்கிரிப்ட் தன் முறை வரும்போதெல்லாம் டயல் செய்தது, மெயில் இல்லை என்று துண்டித்தது. வெளியே சாயங்கால ஷிப்டுக்காரர்கள் வருகிற சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, ஒரு தடவை துண்டித்த கையோடு அது மறுபடி டயல் செய்தது. பேஜர் கம்பெனியின் எண். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மெயிலைத் திறக்கப் போனேன், அதற்குள் அக்காவின் இடுப்பில் பேஜர் கூவியது.

அவர் அதை என்னிடம் நீட்டவில்லை. கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். தலைப்பின் முதல் சொல், மத்தியானம் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்ன அந்தச் சொல்தான். அதைப் பார்த்ததும் அவர் உதடு நின்றது. பிறகு அடுத்தடுத்த எழுத்துகள். அட்டைப்பெட்டிகளில் ஆர்டர் ரத்தானால் அடிக்கிற முத்திரைச் சொல் அது, அவருக்குத் தெரியும்.

"கேன்சல்டு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மேலே படித்தார். கடைசிச் சொல்லில் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொன்னார். "எச், ஓ, எம், இ. ஹோம்." என்னைப் பார்த்தார். "ஊட்டுக்குன்னு போட்டிருக்குதல்லோ?"

"ஆமாங்க அக்கா."

அன்றைக்குத்தான் அவர் அழுதார். என் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். கனகராஜ் சார் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பிற்பாடு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியை அக்காவே எடுத்து நடத்தினார். கனகராஜ் சார் ராஜினாமாக் கொடுத்தார், அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. "போன் பண்ணினதும் அவருதான" என்றார். பேஜர் கம்பெனியைச் சில காலத்தில் மூடிவிட்டார்கள். ஒரு நாள் டயல் செய்தபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, அதை அழிக்காமல் அப்படியே விட்டேன். பிறகு செல்போனுக்கே செய்தி போகிற வசதி வந்தது, நானும் அதைக் கற்றுக்கொண்டேன், ஓய்வும் பெற்றேன். அந்த மத்தியானத்துக்கு நிகரான அதிர்ச்சி எதையும் என் வேலை எனக்குத் திரும்பத் தரவில்லை, கர்த்தருக்கு நன்றி.

சேவூரில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது.

அண்ணனின் உடல் வந்து சேர நாளானது. வண்டி தோட்டத்துக்குள் திரும்பியபோது ஊரே கூடி நின்றது. பெட்டியை இறக்கித் திறந்தார்கள். பெரியவர் பயந்த மாதிரி எதுவும் ஆகியிருக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, தூங்குகிற மாதிரிதான் அனுப்பியிருந்தார்கள். மகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தபடியே இருந்தாள். ஒவ்வொருவராகப் பார்த்து நகர்ந்தார்கள். எடுக்கலாமா என்று கேட்டபோது பெரியவரைக் காணோம்.

அவர் கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூப்பிடப் போனவர்களை விரட்டிவிட்டார். அக்கா எழுந்தார். அத்தனை பேர் பார்க்க நடந்து போனார். கணவருடைய அண்ணனின் எதிரில்கூட நிற்காதவர், போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாங்க மாமா. நீங்க பாக்காம எடுக்கறதில்ல."

"என்னால ஆகாது அம்மிணி. அவனக் கையில தூக்கி வளத்தவன் நான்."

"அதுக்குத்தானுங்க. வாங்க."

சிறுபிள்ளையைக் கூட்டி வருவது மாதிரி கூட்டி வந்தார். பெரியவர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து தம்பியின் கன்னத்தில் புறங்கையை வைத்தார். அந்தக் குளிர்ச்சிக்கு அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அம்மிணி, இவன நான் அங்கயே உட்டிருப்பேன்" என்றார்.

அக்கா பிடித்த கையை விடவில்லை.